இன்சூரன்ஸ் விற்க வந்த வானொலி: நாஷ்வில் டபிள்யூ.எஸ்.எம். நிலையத்தின் கதை

அமெரிக்கக் கன்ட்ரி இசைக்குத் தலைநகரம் எது என்று கேட்டால் டென்னஸி மாநிலத்து நாஷ்வில் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் 1925இல் அந்த ஊரில் பெயர் சொல்லும்படி ஓர் இசைத்தட்டுக் கம்பெனி கிடையாது. முறையான ஒலிப்பதிவுக் கூடமும் கிடையாது. தட்டில் பாட விரும்பியவர்கள் நியூயார்க்குக்கோ அட்லாண்டாவுக்கோ ரயில் ஏறினார்கள். ஊர்ப் பெரிய மனிதர்களுக்குக் கிராமத்து ஃபிடில் சத்தமே ஆகாது. தங்கள் நகரத்தைத் 'தெற்கின் ஏதென்ஸ்' என்று சொல்லிக்கொண்டு, 1897 கண்காட்சிக்காக எழுப்பிய, கிரேக்க ஏதென்ஸின் பார்த்தினான் கோயில் நகலை 1920களில் கான்கிரீட்டில் நிரந்தரமாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இப்படிப்பட்ட ஊர் எப்படி அந்த இசைக்குச் சொந்த ஊரானது? பதில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் ஐந்தாம் மாடியில் இருக்கிறது. அங்கே தொடங்கிய டபிள்யூ.எஸ்.எம். என்ற உள்ளூர் வானொலி நிலையத்தின் வரலாற்றைச் சொன்னாலே, கன்ட்ரி வானொலி என்பது என்ன, அது எப்படி இயங்குகிறது என்பதன் பெரும்பகுதி விளங்கிவிடும்.

முதலில் அந்த இசையைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்காவின் தென்கிழக்கு மலைப்பகுதிகளில் குடியேறிய ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்துக்காரர்கள் ஃபிடில் மெட்டுகளையும் கதைப்பாடல்களையும் கொண்டுவந்தார்கள். ஃபிடில் வேறொன்றும் இல்லை, நம் கச்சேரி மேடையில் இருக்கும் அதே வயலின்தான். பாஞ்சோ, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் வழியாக வந்த வாத்தியம். இவற்றோடு தேவாலயப் பாடல்களும் கறுப்பின மக்களின் புளூஸும் கலந்தன. 1920களில் வியாபாரிகள் இதை 'ஹில்பில்லி' என்றார்கள். பட்டிக்காட்டான் என்ற ஏளனம் அதில் தெரியும். 'கன்ட்ரி' என்ற மரியாதையான பெயர் நிலைக்க இன்னும் இருபது, இருபத்தைந்து வருடங்கள் ஆயின.

ஐந்தாம் மாடி

நேஷனல் லைஃப் அண்ட் ஆக்ஸிடென்ட் என்பது அந்தக் கம்பெனியின் பெயர். பணக்காரர்களுக்குப் பெரிய பாலிசி விற்கும் கம்பெனி அல்ல. கூலித் தொழிலாளிகளுக்கும் சிறு வருமானக்காரர்களுக்கும் நோய், விபத்து, சாவுச் செலவு ஆகியவற்றுக்கான சின்னச் சின்னப் பாலிசிகளை விற்றது. தவணை வாரா வாரம், சில சென்ட்டுகள். வசூலிக்க ஏஜென்ட் வீட்டு வாசலுக்கே வருவார். ஆகவே கம்பெனியின் தலையெழுத்து முழுக்க ஒரே இடத்தில் இருந்தது: கதவைத் தட்டினால் திறப்பார்களா, மாட்டார்களா?

கம்பெனித் தலைவரின் மகன் எட்வின் கிரெய்குக்கு வானொலிப் பைத்தியம். ஒரு நிலையம் தொடங்குவோம் என்று விடாமல் வற்புறுத்தினார். மேலிடத்துக்கு அதில் பெரிய ஆர்வம் இருக்கவில்லை என்றாலும் கடைசியில் இசைந்தது. 1925 அக்டோபர் 5 அன்று, கம்பெனித் தலைமையகத்தின் ஐந்தாம் மாடியில் ஒலிபரப்பு தொடங்கியது. டிரான்ஸ்மிட்டரின் சக்தி 1,000 வாட்.

அமெரிக்க நிலையங்களுக்கு எழுத்துகளே பெயர். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இருப்பவை பெரும்பாலும் 'டபிள்யூ'வில் தொடங்கும், மேற்கே இருப்பவை 'கே'யில். மிச்ச எழுத்துகளை உரிமையாளர்கள் தங்கள் விளம்பரத்துக்குத் தோதாகக் கேட்டு வாங்கிக்கொள்வதும் உண்டு. நேஷனல் லைஃபின் சின்னம் ஒரு கேடயம். அதன் முழக்கம் 'வீ ஷீல்ட் மில்லியன்ஸ்', அதாவது லட்சோப லட்சம் பேருக்கு நாங்கள் கேடயம். முதலெழுத்துகளைச் சேர்த்தால் டபிள்யூ.எஸ்.எம். சிகாகோவில் சியர்ஸ் கடை நடத்திய டபிள்யூ.எல்.எஸ். நிலையத்தின் பெயரும் இதே கதைதான்: 'உலகிலேயே பெரிய கடை' என்பதன் ஆங்கில முதலெழுத்துகள்.

தொடக்கத்தில் ஒலிபரப்பானது என்ன? ஹோட்டல் ஆர்க்கெஸ்ட்ரா, செவ்வியல் பாடகர்கள், தேவாலய வழிபாடு, சொற்பொழிவு. கன்ட்ரி என்று தனியாக எதுவும் இல்லை. இதைச் சொல்லக் காரணம் உண்டு. இந்த நிலையத்தைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலரும், அது பிறந்த நாளிலிருந்தே இருபத்து நான்கு மணி நேரமும் கன்ட்ரி பாடியதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் பல பத்தாண்டுகளுக்கு அது சனிக்கிழமை இரவு மட்டும் கிராமத்துக்குப் போய்விட்டு, மற்ற நாட்களில் கோட்டு போட்டுக்கொண்டு திரிந்த நிலையம்தான்.

ஜட்ஜும் தாத்தாவும்

தொடங்கிய ஒரு மாதத்திலேயே ஜார்ஜ் டி. ஹே என்ற அறிவிப்பாளர் பொறுப்புக்கு வந்தார். மெம்ஃபிஸில் பத்திரிகை நிருபராக இருந்து, நீதிமன்றக் காட்சிகளை வைத்து நகைச்சுவைப் பத்தி எழுதியவர். அதிலிருந்து ஒட்டிக்கொண்ட பட்டம் 'வயதான ஜட்ஜ்'. நாஷ்வில் வந்தபோது அவருக்கு வயது முப்பது. நீதிபதியும் அல்ல, கிழவரும் அல்ல. ஆனால் ஒலிவாங்கிக்கு முன்னால் நீராவிப் படகின் ஊதலை ஊதிக்கொண்டு அவர் பேசிய குரலில் கேட்டவர்களுக்கு இரண்டுமே தெரிந்தன.

சிகாகோவின் டபிள்யூ.எல்.எஸ்.ஸில் அவர் வேலை பார்த்தபோது, 1924 முதல் அங்கே 'பார்ன் டான்ஸ்' என்ற நிகழ்ச்சி சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. பார்ன் என்றால் பண்ணையில் தானியமும் வைக்கோலும் வைக்கும் கொட்டகை. வேலை முடிந்த சனிக்கிழமை இரவு அதை ஒழித்துவிட்டு, ஃபிடில்காரர் ஒருவரை உட்காரவைத்து, ஊரே கூடி ஆடுவது பழைய வழக்கம். அந்தக் கொட்டகைக் கூத்தை ஸ்டூடியோவில் நடப்பதுபோல் காட்டுவதே 'பார்ன் டான்ஸ்' வானொலி நிகழ்ச்சி. டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் டபிள்யூ.பி.ஏ.பி. நிலையம் 1923 ஜனவரியிலேயே இப்படி ஒன்றை ஒலிபரப்பியிருந்தது. ஆக, நாஷ்வில் இதைக் கண்டுபிடிக்கவில்லை. மூன்றாம், நான்காம் ஆளாக வந்து சேர்ந்தது.

1925 நவம்பர் 28 அன்று, 77 வயது ஃபிடில்காரர் அங்கிள் ஜிம்மி தாம்ப்ஸனை ஒலிவாங்கி முன் உட்காரவைத்தார் ஹே. பியானோவில் தாம்ப்ஸனின் உறவுக்காரப் பெண் ஈவா தாம்ப்ஸன் ஜோன்ஸ். தனக்கு ஆயிரம் மெட்டு தெரியும் என்பது கிழவரின் பேச்சு. ஒரு மணி நேரம் வாசித்தார். களைப்பாக இருக்கிறதா என்று கேட்டதற்கு, ஒரு மணி நேரத்தில் கை சூடாகக்கூட இல்லை என்றாராம். ஹே பின்னாளில் எழுதியது இது. ஹே ஒரு கதைசொல்லி, அதை மறந்துவிடக் கூடாது. ஆனால் நேயர்களிடமிருந்து தந்திகளும் கடிதங்களும் குவிந்தது உண்மை. விரைவிலேயே 'டபிள்யூ.எஸ்.எம். பார்ன் டான்ஸ்' வாராந்திர நிகழ்ச்சியானது.

வந்த கலைஞர்களில் பலர் நாம் கற்பனை செய்யும் பட்டிக்காட்டு ஆட்கள் அல்லர். ஹம்ஃப்ரி பேட் என்பவர் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த டாக்டர். பகலில் நோயாளிகளைப் பார்ப்பார், இரவில் மௌத் ஆர்கன் வாசிப்பார். ஹே வருவதற்கு முன்பே அவர் குழு இந்த நிலையத்தில் வாசித்திருந்தது. குழுவினர் ஒழுங்காகக் கோட்டு, டை அணிந்து புகைப்படத்துக்கு நிற்கிறவர்கள். ஹே அவர்களுக்குப் 'பாஸம் வேட்டைக்காரர்கள்' என்று பெயர் சூட்டினார். பாஸம் என்பது அந்தப் பக்கத்துக் காடுகளில் திரியும், இரவில் வேட்டையாடப்படும் சிறு விலங்கு. பிறகு வைக்கோல் தொப்பியும் பண்ணை உடையும் மாட்டிவிட்டு மறுபடி படம் எடுத்தார்கள். வேறு குழுக்களுக்கும் இதேபோல் மண்வாசனைப் பெயர்கள் வந்தன. வானொலியில் உடை தெரியாதே, எதற்கு இந்த வேஷம் என்று தோன்றலாம். பத்திரிகைக்குப் படம் போகிறதே! கிராமத்து எளிமை என்று இன்றைக்கும் கன்ட்ரி மேடைகளில் விற்கப்படுவதில் ஒரு பகுதி, நகரத்து ஆபீஸ் ஒன்றில் இப்படி யோசித்துத் தைத்த சட்டைதான். அதனால் இசை பொய்யாகிவிடாது. டாக்டர் பேட் வாசித்த மெட்டுகள் அவர் ஊரில் சிறு வயதில் கேட்டுக் கற்றவையே.

பெயர் வந்த இரவு, மறக்கப்பட்ட ஆள்

1927 டிசம்பர். பல ஊர் நிலையங்களுக்கும் ஒரே நிகழ்ச்சியை அனுப்பும் என்.பி.சி. வலையமைப்பிலிருந்து வால்டர் டாம்ராஷ் நடத்தும் செவ்வியல் இசை நிகழ்ச்சி டபிள்யூ.எஸ்.எம். வழியாகவும் வரும். அது முடிந்தவுடன் நாட்டுப்புற நிகழ்ச்சி. அன்று டாம்ராஷ், செவ்வியல் இசையில் யதார்த்தத்துக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டு, ரயில் ஒன்று வருவதைச் சித்திரிக்கும் ஓர் இசைத் துண்டை விதிவிலக்காக வாசிக்கச் செய்தார். ஹே அதைப் பிடித்துக்கொண்டார். எங்கள் நிகழ்ச்சியில் யதார்த்தத்தைத் தவிர வேறொன்றும் இராது என்று சொல்லி, டிஃபோர்ட் பெய்லி என்ற மௌத் ஆர்கன் கலைஞரை ரயில் ஒன்றை வாசிக்கச் சொன்னார். வாசித்து முடித்ததும், இவ்வளவு நேரம் கிராண்ட் ஆபரா கேட்டீர்கள், இனி 'கிராண்ட் ஓல் ஆப்ரி' கேளுங்கள் என்றார். ஆபரா என்பது மேல்தட்டு ஐரோப்பிய இசை நாடகம், அந்தச் சொல்லைக் கொச்சையாக்கிச் செய்த கேலி. அந்தப் பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

டிஃபோர்ட் பெய்லி கறுப்பினத்தவர். சிறு வயதில் போலியோ தாக்கியதால் உடல் வளர்ச்சி குன்றியவர். படுக்கையில் கிடந்த காலத்திலேயே மௌத் ஆர்கன் பழகினார். தண்டவாளத்தின் மேல் சக்கரம் ஓடும் தாளம், தூரத்து ஊதல், பாலத்தைக் கடக்கையில் மாறும் ஓசை எல்லாவற்றையும் அந்தச் சின்ன வாத்தியத்தில் கொண்டுவந்துவிடுவார். 1928இல் விக்டர் கம்பெனி நாஷ்வில் வந்து, அந்த ஊரில் முதன்முறையாக வணிக ஒலிப்பதிவு நடத்தியபோது பதிவானவர்களில் அவரும் ஒருவர். இந்த நிகழ்ச்சியின் முதல் நட்சத்திரங்களில் ஒருவர் என்றே சொல்ல வேண்டும். ஆனால் நிறப் பிரிவினைச் சட்டங்கள் இருந்த தெற்கில், சக கலைஞர்களோடு வெளியூர்க் கச்சேரிக்குப் போனால் அவர்கள் தங்கும் ஹோட்டலில் அவருக்கு அறை கிடையாது. அவர்கள் சாப்பிடும் கடையில் உட்கார முடியாது.

1941இல் அவரை நீக்கினார்கள். பாடல் உரிமை வசூலிக்கும் பழைய சங்கம் கட்டணத்தை உயர்த்தியதால் அமெரிக்க வானொலிக்காரர்கள் கூடித் தங்களுக்கென ஒரு புதிய சங்கத்தைத் தொடங்கிய நேரம் அது. பழைய சங்கத்தின் கையிலிருந்த மெட்டுகளை ஒலிபரப்பக் கூடாது என்றானது. பெய்லியின் புகழ்பெற்ற மெட்டுகள் அதில் மாட்டிக்கொண்டன. புதிதாகக் கற்றுக்கொள்ளச் சோம்பல்பட்டார் என்று ஹே பிற்பாடு எழுதி வைத்தார். எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வரும். பதினைந்து வருடம் ஒருவரை அதே சில மெட்டுகளை வாசிக்கச் சொல்லிவிட்டு, பிறகு வேறு தெரியாதா என்று கேட்பது என்ன நியாயம்? பெய்லி ஷூ பாலிஷ் கடை நடத்திப் பிழைத்தார். 1982இல் இறந்தார். கன்ட்ரி இசையின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது 2005இல்.

ராத்திரியில் வானம் செய்யும் வேலை

இனி கொஞ்சம் அறிவியல். ஓர் உள்ளூர் நிலையம் எப்படிப் பாதி நாட்டுக்குக் கேட்டது என்பது இதில்தான் இருக்கிறது.

டபிள்யூ.எஸ்.எம். ஒலிபரப்பாவது 650 கிலோஹெர்ட்ஸில். நம் பழைய ரேடியோப் பெட்டிகளில் மீடியம் வேவ் என்று ஒரு பட்டை இருக்குமே, அதில்தான் இந்த எண் வரும். பகலில் இந்த அலைகள் தரையோடு ஒட்டிப் பயணம் செய்யும். தூரம் போகப் போக மங்கிவிடும். மேலே எழும் அலைகளை, வெயிலால் மின்னேற்றம் பெற்ற வளிமண்டலத்தின் கீழ் அடுக்கு ஒன்று விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்துபோகும். அப்போது அலைகள் இன்னும் உயரே சென்று, அங்கிருக்கும் அயனி அடுக்கில் பட்டு, நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் கீழே இறங்கும். ராத்திரியில் முள்ளை மெல்லத் திருப்பினால் எங்கோ தொலைதூரத்து மொழி ஒன்று ஏறி இறங்கிக் கேட்கும் அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. அதற்கும் காரணம் இதுதான்.

ஒரே அலைவரிசையில் நாலு ஊர் நிலையங்கள் இருந்தால் இரவில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இரைச்சல்தான் மிஞ்சும். 1928இல் அமெரிக்க அரசின் வானொலி ஆணையம் அலைவரிசைகளை மறுபடி பங்கிட்டது. சில அலைவரிசைகளில் இரவு நேரத்தில் நாடு முழுக்க ஒரே ஒரு நிலையம்தான் இயங்கலாம் என்று ஒதுக்கியது. இவற்றுக்குக் 'கிளியர் சேனல்' என்று பெயர். 650 டபிள்யூ.எஸ்.எம்.முக்குக் கிடைத்தது. 1932இல் நிலையம் தன் சக்தியை 50,000 வாட்டுக்கு உயர்த்தியது. அமெரிக்காவில் இந்தப் பட்டையில் இன்றும் அனுமதிக்கப்படும் உச்ச அளவு அதுவே. அதற்காக நாஷ்வில்லுக்குத் தெற்கே பிரென்ட்வுட்டில் 878 அடி உயரத்துக்கு ஒரு கோபுரத்தை நிறுத்தினார்கள். அன்றைக்கு வட அமெரிக்காவிலேயே மிக உயரமான வானொலிக் கோபுரம். இரண்டு முனையிலும் குறுகி, நடுவில் அகன்று, நீட்டி வைத்த வைரம்போல இருக்கும். பிற்பாடு சிக்னல் இன்னும் சீராக அமையும் என்று 808 அடியாகக் குறைத்தார்கள். அது இன்னும் நிற்கிறது, இன்னும் வேலை செய்கிறது.

அந்தக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ரயில் பாதை. 'பான் அமெரிக்கன்' என்ற விரைவு ரயில் அந்த வழியாகப் போகும். 1933 முதல் அங்கே ஒரு ஒலிவாங்கியை வைத்து, ரயில் கடந்துபோகும் சத்தத்தைத் தினமும் நேரலையாக ஒலிபரப்பினார்கள். ரயில் ஊதுவதைக் கேட்க ஜனங்கள் ரேடியோ முன்னால் உட்கார்ந்தார்கள் என்பதை இன்று நம்புவது கஷ்டம். பெய்லி மௌத் ஆர்கனில் வாசித்துப் பேர் வாங்கியதும் இதே ரயிலைத்தான்.

சிக்னல் போய்ச் சேர்ந்த ஊர்களில் எல்லாம் நேஷனல் லைஃபின் ஏஜென்ட்டுகள் இருந்தார்கள், அல்லது சீக்கிரம் வந்து சேர்ந்தார்கள். கதவைத் தட்டி, சனிக்கிழமை ராத்திரி ஆப்ரி கேட்கிறீர்களே, அதை நடத்துவது எங்கள் கம்பெனிதான் என்று சொன்னால் போதும். கதவு திறக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே, விளம்பர வருமானம் எவ்வளவு என்று அடிக்கொரு தடவை கணக்குப் பார்க்காமல் கம்பெனி அந்த நிகழ்ச்சியை வளரவிட்டது. மற்ற நிலையங்களின் பார்ன் டான்ஸ்கள் செத்தும் இது பிழைத்ததற்கு என் கணிப்பில் முதல் காரணம் இதுவே. சிகாகோ டபிள்யூ.எல்.எஸ்., 1960இல் ராக் இசைக்குத் தாவியபோது தன் பழைய கொட்டகைக் கூத்தைக் கைகழுவிவிட்டது.

மேடை தேடி அலைந்த காலம்

ஒலிபரப்பைப் பார்க்க ஆட்கள் நேரில் வரத் தொடங்கினார்கள். ஸ்டூடியோ வாசலில் கூட்டம், நடைபாதையில் கூட்டம், கம்பெனி அதிகாரிகள் தங்கள் அறைக்குள் போக முடியாத அளவு கூட்டம். 1934இல் ஹில்ஸ்பரோ தியேட்டருக்குப் போனார்கள். 1936இல் கிழக்கு நாஷ்வில்லில் மரத்தூள் தரையும் கரடுமுரடான பெஞ்சுகளும் கொண்ட ஒரு கூடாரத்துக்கு. 1939இல் போர் நினைவு அரங்கத்துக்கு. கூட்டத்தைக் குறைக்க அங்கே 25 சென்ட் கட்டணம் வைத்துப் பார்த்தார்கள். குறையவில்லை.

1943 ஜூனில் ரைமன் அரங்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நீராவிப் படகு முதலாளி டாம் ரைமன் ஒரு மதப் பிரசங்கத்தைக் கேட்டு மனம் மாறி, பிரசங்கக் கூட்டங்களுக்காகக் கட்டுவித்த கட்டடம் அது, 1892இல் முடிந்தது. தேவாலய பெஞ்சுகள், நிறக் கண்ணாடிச் சன்னல்கள். ஏர்கண்டிஷன் கிடையாது. கோடைக்காலத்தில் ஜனங்கள் கையில் விசிறியோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒலி மட்டும் அற்புதமாக இருக்கும். 31 ஆண்டுகள் அங்கேதான்.

இதற்கிடையே, 1939 அக்டோபரில் நிகழ்ச்சியின் அரைமணி நேரப் பகுதியை ஒரு புகையிலைக் கம்பெனியின் விளம்பர ஆதரவில் என்.பி.சி. வலையமைப்பு எடுத்துக்கொண்டது. நட்சத்திரங்களும் வந்தார்கள். 1938இல் பாடகர் ராய் ஏகஃப், அதற்கு மறு வருடம் பில் மன்ரோ. 1945இன் இறுதியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற இளைஞர் மூன்று விரல்களால் பாஞ்சோவை மின்னலாக மீட்டும் பாணியோடு மன்ரோ குழுவில் சேர்ந்தார். 'புளூகிராஸ்' என்று இன்று தனி வகையாக அறியப்படும் இசை அந்த மேடையில்தான் முழு உருவம் பெற்றது. 1940இல் மின்னி பேர்ல் என்ற நகைச்சுவைப் பாத்திரம் வந்தது. தொப்பியில் 1.98 டாலர் என்ற விலைச்சீட்டு தொங்கிக்கொண்டிருக்கும். அந்த வேஷத்துக்குள் இருந்தவர், கல்லூரியில் நாடகம் படித்த, நல்ல வசதியான குடும்பத்துப் பெண். ஹே வைத்த அச்சு இன்னும் வார்த்துக்கொண்டிருந்தது.

1949இல் பாடகர் ஹேங்க் வில்லியம்ஸ் வந்தார், அரங்கைக் கலக்கினார். குடியாலும் வராமல் போனதாலும் 1952இல் நீக்கப்பட்டார். 1953 புத்தாண்டு அன்று இறந்தபோது அவருக்கு வயது 29. எல்விஸ் பிரெஸ்லி 1954 அக்டோபரில் ஒரே ஒரு முறை பாடினார். அவருக்கும் அந்த மேடைக்கும் ஒட்டவில்லை.

ஊர் எப்படித் தொழில்நகரமானது

ஆப்ரியில் பாடினால் கிடைக்கும் சம்பளம் சொற்பம். பிறகு ஏன் வந்தார்கள்? சனிக்கிழமை 50,000 வாட்டில் பெயர் சொல்லப்பட்டால், மற்ற நாட்களில் எந்த ஊரில் கச்சேரி வைத்தாலும் டிக்கெட் விற்கும். அந்தக் கச்சேரிகளை ஏற்பாடு செய்து கமிஷன் வாங்க நிலையமே ஒரு பிரிவு வைத்திருந்தது. ஆனால் சனிக்கிழமை திரும்பி வந்தாக வேண்டும். விமானப் பயணம் சாதாரணமாகாத காலம். ஞாயிறு காலையில் காரின் கூரைமேல் டபுள் பேஸ் என்ற ஆளுயர வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு புறப்பட்டு, அடுத்த சனிக்குள் திரும்பவேண்டும் என்றால் வீட்டை எங்கே வைத்துக்கொள்வது? நாஷ்வில்லில்தான். பாடகர்கள் குடிவந்தார்கள், பின்னாலேயே வாத்தியக்காரர்கள். அவர்களுக்குப் பாட்டு விற்கப் பாடலாசிரியர்கள் வந்தார்கள்.

ராய் ஏகஃப், இதே நிலையத்தில் பாடிவந்த ஃபிரெட் ரோஸ் என்பவரோடு சேர்ந்து 1942இல் பாடல் பதிப்பகம் ஒன்றைத் தொடங்கினார். 1947 வாக்கில் டபிள்யூ.எஸ்.எம்.மின் எஞ்சினியர்கள் மூவர், வேலை நேரம் போக மிச்ச நேரத்தில், ஒரு ஹோட்டலில் இடம் பிடித்து 'காசில்' என்ற ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார்கள். நிலையத்தின் இசை இயக்குநராக இருந்த ஓவன் பிராட்லி, 1950களின் நடுவில் ஒரு வீட்டையும் அதன் பின்னால் தகரக் கொட்டகையையும் வைத்து ஒலிப்பதிவு தொடங்கினார். அந்தத் தெருவைச் சுற்றி முளைத்ததுதான் 'மியூசிக் ரோ' என்ற இசைத்தொழில் வட்டாரம். 1950இல் நிலையத்து அறிவிப்பாளர் டேவிட் காப் ஒலிபரப்பின் நடுவே போகிற போக்கில் நாஷ்வில்லை 'மியூசிக் சிட்டி' என்றார். மாநகராட்சி இன்று அதைத்தான் சுற்றுலாப் பெயராக வைத்திருக்கிறது. ஏதென்ஸ் என்ற பெயர் பின்னுக்குப் போய்விட்டது.

வரிசையை யோசித்துப் பாருங்கள். பதிப்பகம், ஒலிப்பதிவு, கச்சேரி ஏற்பாடு, கடைசியில் ஊரின் பெயர். எல்லாமே அந்த நிலையத்தின் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள் பக்கவேலையாகச் செய்தவை. திட்டம் போட்டு யாரும் செய்யவில்லை. 1950களின் நடுவில் நிர்வாகம் விழித்துக்கொண்டு, பக்கத் தொழிலா, இங்கே வேலையா, ஒன்றைத் தேர்ந்தெடு என்று கெடுபிடி செய்தபோது, சிலர் வேலையை விட்டுவிட்டுத் தொழிலோடு போய்விட்டார்கள்.

தட்டு சுழற்றும் காலம்

தொலைக்காட்சி வந்ததும் நேரடி நிகழ்ச்சிகள் வானொலியிலிருந்து கழன்றன. அதற்குப் பதில் இசைத்தட்டு, அதைச் சுழற்றும் டிஸ்க் ஜாக்கி. டபிள்யூ.எஸ்.எம். 1952இல் நாடெங்கிலும் உள்ள கன்ட்ரி டிஸ்க் ஜாக்கிகளை நாஷ்வில்லுக்கு அழைத்து ஒரு கூட்டம் போட்டது. ஆண்டுதோறும் அது பெருத்து, 1958இல் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் உருவாக வழி வகுத்தது. ராக் அண்ட் ரோல் அலையில் கன்ட்ரி மூழ்கிக்கொண்டிருந்த நேரம். அந்தச் சங்கம் வானொலி முதலாளிகளையும் விளம்பரக் கம்பெனிகளையும் தேடிப்போய், கன்ட்ரி கேட்கிறவர்களிடமும் காசு இருக்கிறது, அவர்களும் காரும் சோப்பும் வாங்குகிறார்கள் என்று பேசிப் பேசிக் கரைத்தது. 1961இல் நாள் முழுக்கக் கன்ட்ரி ஒலிபரப்பிய நிலையங்கள் சங்கத்தின் கணக்குப்படி 81. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 600ஐத் தாண்டின.

ஆக 'கன்ட்ரி வானொலி நிலையம்' என்றால் இரண்டு வேறு பொருள்கள். பழையது, பல்சுவை நிலையத்துக்குள் ஒரு சனிக்கிழமைக் கூத்து. புதியது, காலை முதல் இரவு வரை ஒரே வகை இசையைத் தட்டில் ஓட்டும் நிலையம். வேடிக்கை என்னவென்றால், முதலாவதில் கொடிகட்டிப் பறந்த டபிள்யூ.எஸ்.எம். இரண்டாவதுக்கு மெதுவாகத்தான் வந்தது. 1957 முதல் 1972 வரை ரால்ஃப் எமெரி நள்ளிரவுக்கு மேல் கன்ட்ரி தட்டுகள் போட்டார். ராத்திரி முழுக்க லாரி ஓட்டுகிறவர்கள் பல மாநிலங்களில் அதைக் கேட்டார்கள். பகல் நேரம் அதற்குப் பிறகே மாறியது.

1974 மார்ச்சில் ஆப்ரி, ரைமனை விட்டு ஊருக்கு வெளியே 'ஆப்ரிலேண்ட்' கேளிக்கைப் பூங்காவில் கட்டிய புது அரங்கத்துக்குப் போனது. திறப்பு விழாவுக்கு வந்த அதிபர் நிக்ஸன் மேடையில் பியானோ வாசித்தார். வாட்டர்கேட் என்ற அரசியல் ஊழல் விவகாரம் அவர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நாட்கள். அவருக்கும் ஒரு மாறுதல் தேவைப்பட்டிருக்கும். ரைமன் மேடையிலிருந்து வட்டமாக வெட்டியெடுத்த ஓக் பலகையைப் புது மேடையின் நடுவில் பதித்தார்கள். முதன்முதலாகப் பாட வரும் பாடகர்கள் அந்த வட்டத்தில் நிற்கக் கால் நடுங்கியதைப் பேட்டிகளில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

1980களின் தொடக்கத்தில் நேஷனல் லைஃபை வேறொரு இன்சூரன்ஸ் நிறுவனம் விழுங்கியது. வானொலியும் ஆப்ரியும் 1983இல் கேலார்ட் என்ற நிறுவனத்துக்குக் கைமாறின. இன்சூரன்ஸ் போய்விட்டது, கேடயத்தின் எழுத்துகள் மட்டும் நிலையத்தின் பெயரில் தங்கிவிட்டன. புது முதலாளிகளுக்குக் கதவைத் தட்டும் ஏஜென்ட்டுகள் கிடையாது. ஆகவே நிலையம் தன் செலவுக்குத் தானே சம்பாதித்தாக வேண்டிய நிலை. 2002இன் தொடக்கத்தில், 650ஐ விளையாட்டும் அரட்டையும் பேசும் நிலையமாக மாற்றப்போகிறார்கள் என்று செய்தி கசிந்தது. நேயர்களும் கலைஞர்களும் கூடிச் சத்தம் போட்டார்கள், திட்டம் கைவிடப்பட்டது.

2010 மே மாதம் கம்பர்லாண்ட் ஆறு பெருகியபோது ஆப்ரி மேடைக்கு மேல் 46 அங்குலம் தண்ணீர் நின்றது. ஆப்ரிலேண்ட் ஹோட்டலில் இருந்த ஸ்டூடியோவும் போனது. ஊழியர்கள் பிரென்ட்வுட் கோபுரத்தடிக்குப் போய் அங்கிருந்து ஒலிபரப்பினார்கள். அரங்கம் சரியாகும்வரை ரைமன், போர் நினைவு அரங்கம் போன்ற பழைய இடங்களிலும் ஊரின் வேறு சில அரங்கங்களிலும் ஆப்ரி நடந்தது. 2020இல் கொரோனாவுக்காக அரங்கத்தை மூடியபோது, ஒருவர்கூட இல்லாத நாற்காலிகளுக்கு முன்னால் பாடினார்கள். 2021 அக்டோபர் 30 அன்று 5,000ஆவது சனிக்கிழமை ஒலிபரப்பு. 2025 நவம்பரில் நூறு வயது.

கேட்டுப் பார்க்க விரும்பினால் 50,000 வாட் சிக்னல் நம் ஊர்வரை எட்டாது, ஆனால் நிலையத்தின் இணைய ஒலிபரப்பு எங்கும் கிடைக்கும். நாஷ்வில்லில் சனிக்கிழமை மாலை 7 மணிக்கு ஆப்ரி தொடங்கும்போது இந்தியாவிலும் இலங்கையிலும் ஞாயிறு அதிகாலை 5:30. அங்கே குளிர்காலமாக இருந்தால் 6:30. நடுநடுவே அறிவிப்பாளர் விளம்பரங்களைத் தன் வாயாலேயே படிப்பார். அதைத் தாண்டிப் போய்விடாமல் கேளுங்கள்.